பழைய உருமாறும் ரோபோக்களே மேல் என்பது சரியா?

4 ஜனவரி 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

1986இல் என்னிடம் இருந்த லாரி ரோபோவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவேன். சென்ற வாரம் மகனுக்கு வாங்கிக் கொடுத்ததை மாற்ற, குறிப்புத் தாளை விரித்து வைத்தும் எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அவன் தூங்கிவிட்டான். நாற்பது ஆண்டுகளில் இந்தப் பொம்மைகளின் வடிவமைப்பு முன்னேறியிருக்கிறதா, வெறுமனே சிக்கலாகியிருக்கிறதா? பழையதே மேல் என்பது என் கட்சி. பொம்மை பழுது பார்க்கும் அண்ணன் பதில் சொல்லட்டும்.

5 ஜனவரி 2025, இரவு

பழையது மேல் அன்று. அதனோடு நமக்குப் பழக்கம் அதிகம், அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கி, 1985 தீபாவளிக்கு அப்பா வாங்கித் தந்த ஆப்டிமஸ் பிரைம் என்ற லாரி ரோபோவை வெளியே எடுத்தேன். அப்பா சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையில் இரண்டு நாள் ஓவர்டைம் செய்த பணம் அதற்குப் போனது என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார். லாரியாக இருக்கும்போது அது இன்னமும் அழகுதான்; ஓட்டுநர் அறையின் சன்னல்கள் அப்படியே மார்பாக நிமிர்கின்ற அந்த ஒரு யோசனைக்காகவே அதை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ரோபோவாக நிறுத்திப் பாருங்கள். முழங்கால் மடங்காது, இடுப்பு திரும்பாது, உட்காரச் சொன்னால் மல்லாந்து விழும். கை முஷ்டிகள் இரண்டும் தனித் துண்டுகள். லாரியாக்கும்போது கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். என் ரோபோவின் வலது முஷ்டி 1987இல் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள வடிகாலில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் இடக்கையால்தான் உலகைக் காத்து வருகிறார்.

அது அப்படி இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1984இல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்புரோ டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பொம்மைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஜப்பானில் தக்காரா நிறுவனம் விற்றுக்கொண்டிருந்தவை. புதிதாக வரையப்பட்டவை அல்ல. டயக்ளோன் வரிசையில் 1982 முதல் வந்த கார் ரோபோக்கள் ஒரு பக்கம், மைக்ரோமேன் வரிசையின் பிரிவாக வந்த மைக்ரோ சேஞ்ச் மறுபக்கம். டயக்ளோனில் ரோபோ என்பது உயிருள்ள பாத்திரமே இல்லை. ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள, பாதத்தில் காந்தம் வைத்த ஒரு குட்டி மனிதன் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம். அதனால் காருக்குள் அவனுக்கு இருக்கை வேண்டும், அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். அயர்ன்ஹைட் பொம்மையை முதன்முதலில் கண்ட எல்லாச் சிறுவர்களும் ஏமாந்த காரணமும் அதுவே: தொலைக்காட்சிக் கார்ட்டூனில் தலையோடு பேசியவருக்குப் பொம்மையில் தலை என்று சொல்லத்தக்க பாகமே கிடையாது. பொம்மை முதலில் வந்தது. பெயரும் குணமும் கதையும் பிறகு ஒட்டவைக்கப்பட்டன.

7 ஜனவரி 2025

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மைக்ரோ சேஞ்ச் பொம்மைகள் நிஜப் பொருளின் நிஜ அளவிலேயே செய்யப்பட்டவை. வீட்டில் கிடக்கும் கேசட் கருவி, கைத்துப்பாக்கி, குட்டிப் பொம்மைக் கார் ஆகியவையே ரோபோவாக எழுகின்றன என்பதுதான் அவற்றின் கற்பனை. டயக்ளோன் கார்களோ 1/60 அளவில் சுருக்கப்பட்டவை. இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டி ஒரே குடும்பம் என்று சொன்னதால், கேசட் கருவியான சவுண்ட்வேவும் போர் விமானமான ஸ்டார்ஸ்கிரீமும் தோளுக்குத் தோள் நிற்கும் வேடிக்கை ஏற்பட்டது. குட்டிக் காராக மாறும் பம்பிள்பீ ஏன் அவ்வளவு குட்டி என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு என் அண்ணன் சொன்ன பதில், "அவன் இன்னும் சாப்பிடவில்லை".

12 ஜனவரி 2025

பழைய பொம்மைகளுக்கு முழங்கால் மடங்காது என்று நான் பொத்தாம் பொதுவாக எழுதியதை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான், தவறு என்னுடையது. 1985இல் வந்த ஜெட்ஃபயருக்கு முழங்கால் மடங்கும். ஆனால் அது தக்காரா செய்த பொம்மையன்று. தக்கத்தோக்கு என்ற மற்றொரு ஜப்பானிய நிறுவனம் 1/55 அளவில் செய்த வால்கிரி விமானம் அது. நிறம் மாறி இந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது. 1982இல் தொலைக்காட்சிக்கு வந்த மக்ரோஸ் தொடருக்காக ஷோஜி கவமோரி வடிவமைத்தது.

கவமோரியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். விமானம், மனித வடிவம், இவ்விரண்டுக்கும் நடுவே கால் மட்டும் முளைத்த விமானம் என்று வால்கிரிக்கு மூன்று நிலைகள் உண்டு. நடுவிலுள்ள அந்த நிலை மாற்றத்தின் பாதியில் நின்றுபோன கோலம் போலத் தோன்றினாலும் தனக்கென ஓர் அழகோடு இருக்கிறது. விமானத்தின் இரு எஞ்சின்களே கால்கள். காற்றை உறிஞ்சும் வாய் தொடையாகிறது, வெளியேற்றும் குழாய் பாதமாகிறது. விமானத்துக்கும் வேண்டும், மனிதனுக்கும் வேண்டும் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வேலை கொடுத்திருக்கிறார். டயக்ளோன் கார்கள் சிலவற்றின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. உருமாற்றத்தை அவர் தாளில் மட்டும் வரைவதில்லை. லெகோ கட்டைகளால் கட்டி, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். நான் வேலை செய்த இடத்தில், கணினித் திரையில் அழகாகத் திரும்பிய ஒரு மூடி, மாதிரி வார்த்து வந்ததும் விரலுக்கே இடம் விடாமல் போனதைப் பார்த்தவன் என்பதால், இந்த லெகோ செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

19 ஜனவரி 2025

பழையதில் இரும்பு இருந்தது, புதியதெல்லாம் பிளாஸ்டிக், அதனால் தரம் குறைந்துவிட்டது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். ஜூரோங்கில் பிளாஸ்டிக் வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் மோல்டுப் பிரிவில் இருந்தவன் என்ற உரிமையில் இதற்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில், அது இரும்பன்று. துத்தநாகக் கலவை வார்ப்பு. கையில் கனம் தரும், குளிர்ச்சியாக இருக்கும், விலையுயர்ந்த பொருள் என்ற எண்ணத்தை உண்டாக்கும். ஆனால் அதன் மீதுள்ள சாயம் விளிம்பில் உரியும். உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசும் மூட்டில் தேய்வது எப்போதும் பிளாஸ்டிக்தான். தோளும் கையும் கனமாகிவிட்டால் அதைத் தாங்கி நிறுத்த மூட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். மூட்டை இறுக்கினால் குழந்தையின் விரலால் அசைக்க முடியாது. கனம் என்பது உருமாறும் பொம்மைக்கு நண்பனன்று.

அடுத்து, ஒரே பிளாஸ்டிக் என்று நீங்கள் நினைப்பது மூன்று நான்கு வகை. உடலின் தட்டையான பாகங்கள் ஏபிஎஸ்; பளபளப்பாக வரும், சாயம் நன்றாகப் பிடிக்கும். அடிக்கடி உரசும் மூட்டுகளுக்குப் பாலிஅசெட்டால். சோப்புப் போல வழுக்கும், எளிதில் தேயாது, ஆனால் எந்தச் சாயமும் அதில் நிற்காது. கொம்பு, வாள்முனை போன்ற கூரிய பாகங்களுக்கு விழுந்தாலும் குத்தாத மென்மையான வகை. சன்னல்களுக்குத் தெளிந்த வகை; இதுதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. கார்க் கண்ணாடியையும் அதைத் தாங்கும் கீலையும் ஒரே தெளிந்த துண்டாக வார்த்துவிட்டால், கீலின் ஊசி நுழையும் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் விடும். பழுதுக்கு என்னிடம் வரும் பொம்மைகளில் பாதி இந்த நோய்க்காரர்கள்தான். தெளிந்த பாகத்தில் கீல் வைக்காமல், நிறமுள்ள சட்டத்தில் கீலை வைத்துக் கண்ணாடியை அதற்குள் பொருத்தியிருந்தால், அதை வடிவமைத்தவருக்கு அனுபவம் உண்டு என்று அறியலாம்.

புதிய ரோபோக்களின் முன்கை பின்புறத்தில் குடைந்து காலியாக இருப்பதைப் பார்த்து, பொருளை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எல்லாரும் திட்டுகிறார்கள். மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆயினும் பாதிக் காரணம் வேறு. பிளாஸ்டிக்கைத் தடிமனாக வார்த்தால் வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகும், உட்புறம் பிறகு சுருங்கும். அப்போது மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்துவிடும். குளிர எடுக்கும் நேரமும் கூடுவதால் ஒரு நாளில் வார்க்கும் எண்ணிக்கை குறையும். ஆகவே சுவரை மெல்லியதாக வைத்து உள்ளே விலா எலும்பு போலக் குறுக்குத் தடுப்புகள் கொடுப்பதுதான் முறை. அந்த விலா எலும்புகளை ஒரு மூடிபோட்டு மறைக்கலாம். மூடி என்றால் இன்னொரு துண்டு, இன்னொரு அச்சு, இன்னும் ஒரு விரல் வேலை. அங்கேதான் கணக்குப் பார்க்கிறார்கள்.

பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 1980களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த சில பொம்மைகளில் அது இருக்கிறது. நாளடைவில் பழைய முறுக்கைப் போல நொறுங்கும். உங்களிடம் இருந்தால் கண்ணாலேயே பாருங்கள், திருப்ப வேண்டாம்.

30 ஜனவரி 2025

சீனப் புத்தாண்டு விடுமுறை; இரண்டு நாளாக வீட்டுத் தரையில் பொம்மைகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எச்சரிக்கை.

மூட்டைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும், ஏனெனில் உண்மையான திருப்புமுனை அங்கேதான் நேர்ந்தது என்பது என் எண்ணம். பழைய பொம்மைகளில் இருந்தது கீல். கதவைப் போல ஒரே தளத்தில் மட்டும் திரும்பும். கையை முன்னும் பின்னும் ஆட்டலாம். பக்கவாட்டில் தூக்க இன்னொரு கீல் வேண்டும். பந்து மூட்டில் ஓர் உருண்டையும் அதைக் கவ்வும் ஒரு கிண்ணமும் மட்டுமே. எல்லாப் பக்கமும் சுழலும். எண்ணிக்கையில் குறைந்த பாகம், கூடுதலான அசைவு. அதைவிடப் பெரிய நன்மை, குழந்தை முரட்டுத்தனமாக இழுத்தால் உருண்டை கிண்ணத்திலிருந்து 'டப்' என்று கழன்றுவிடும், உடையாது. திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். குழந்தையின் முரட்டுக் கையை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட பொம்மை அது.

1996இல் விலங்குகளாக மாறும் ரோபோக்களின் பீஸ்ட் வார்ஸ் வரிசை வந்தபோது இந்தப் பந்து மூட்டு ராஜ்ஜியத்தைப் பிடித்தது. காருக்குச் சதுர மூலைகள் உண்டு, கீலே போதும். சிறுத்தைக்கும் கொரில்லாவுக்கும் போதாது. விலங்கு நின்றால் விலங்கு போல நிற்க வேண்டும், பாய்ந்தால் பாய்வது போல வளைய வேண்டும். அந்தத் தேவைதான் தோளையும் இடுப்பையும் விடுவித்தது. நான் அப்போது தேசிய சேவையில் இருந்தேன். வார இறுதியில் வீடு திரும்பும் வழியில் சீட்டார் என்ற சிறுத்தையை வாங்கி, ராணுவப் பையில் துணிகளுக்கு நடுவே ஒளித்து எடுத்துச் சென்றேன். ஆப்டிமஸ் பிரைம் பத்தாண்டாகச் செய்யாத ஒன்றை அந்தச் சிறுத்தை அன்றிரவே செய்தது: ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தது.

குறைகளும் இருந்தன. சிறுத்தையின் தோல் ரோபோவின் முதுகில் ஈரத்துணி போலத் தொங்கியது. பயனில்லாமல் இப்படித் தொங்கும் மிச்சப் பாகங்களைச் சேகரிப்பாளர்கள் கிபிள் என்பார்கள். எங்கள் வட்டத்தில் அதற்குக் கருவேப்பிலை என்று பெயர். மணத்துக்குப் போட்டது, சாப்பிடும்போது ஒதுக்கி வைக்க வேண்டியது.

இதற்கு நேர் எதிரான சோதனை ஒன்று 1990இல் நடந்தது. அசைவு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக ஆக்‌ஷன் மாஸ்டர்ஸ் என்ற வரிசையில் உருமாற்றத்தையே எடுத்துவிட்டார்கள். உருமாறாத உருமாறும் ரோபோ. உப்புமா வேண்டாம் என்றவனுக்கு வெறும் ரவையைக் கொடுத்த கதை.

31 ஜனவரி 2025

ஒரு திருத்தம். பந்து மூட்டு பீஸ்ட் வார்ஸோடுதான் தொடங்கியது போல நேற்று எழுதிவிட்டேன். அதற்கு முந்தைய ஆண்டே, இரண்டாம் தலைமுறை வரிசையின் சைபர்ஜெட் விமானங்களில் அது இருக்கிறது. டின்னில் ஒன்று கிடப்பதை மறந்தே போனேன். பரவலாக்கியது பீஸ்ட் வார்ஸ் என்று திருத்திப் படியுங்கள்.

9 பிப்ரவரி 2025

கீலின் ஊசியை எப்படிக் கழற்றுவது என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். தம்பி, இதில் நான் ஒரு முறை அடிபட்டவன், கவனமாகப் படியுங்கள்.

ஊசியின் ஒரு முனை வழவழப்பாக இருக்கும். மறுமுனையில் நெருக்கமாக வரி வரியாகக் கீறியிருப்பார்கள். அந்த வரிகள்தான் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டு ஊசி நழுவாமல் காக்கின்றன. ஆகவே வழவழப்பான முனையிலிருந்து தள்ளி, வரியுள்ள முனை முதலில் வெளியே வரும்படி எடுக்க வேண்டும். திசை மாறித் தட்டினால் வரிகள் துளை முழுவதையும் உழுதுகொண்டு போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அவசர மாலையில் விளக்கைப் போடாமல், கண்ணாடியும் அணியாமல், திசை பார்க்காமல் தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தொடை இரண்டாகப் பிளந்தது. பொம்மை என்னுடையதன்று, மைத்துனருடையது. அவர் இன்னும் மறக்கவில்லை.

இப்போது எனது வழக்கம்: பூதக் கண்ணாடியில் இரு முனைகளையும் பார்ப்பேன், தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தை இளஞ்சூடாக்குவேன், பிறகு ஊசியைவிடச் சற்று மெல்லிய துளைக்கோலை வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுவேன். நம் ஊரின் ஈரக்காற்றில் எஃகு ஊசி துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது ஒரு துளி எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். தளர்ந்துபோன பந்து மூட்டுக்கு உருண்டையின் மேல் நிறமற்ற நகப்பூச்சு ஒரு பூச்சுப் பூசி, முற்றிலும் காய்ந்த பிறகு மாட்டினால் போதும். காயுமுன் மாட்டிவிட்டு அழுதுகொண்டு வராதீர்கள்.

16 பிப்ரவரி 2025

விட்ட இடத்துக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டை நான் இரண்டாவது திருப்புமுனை என்பேன். அவ்வாண்டு தக்காரா இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று பைனால்டெக்: 1/24 அளவில், கார் நிறுவனங்களின் அனுமதியோடு, கதவும் எஞ்சின் மூடியும் திறக்கும் உண்மையான கார்கள். முதலாவது ஒரு சுபாரு இம்ப்ரெசா. எஞ்சினையே கழற்றித் துப்பாக்கியாகக் கொடுத்தார்கள். மற்றொன்று மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மை. ஆப்டிமஸ் பிரைமைத் தொலைக்காட்சியில் கண்டபடியே, பெரிதாகவும் கனமாகவும், முஷ்டிகள் உள்ளேயே மடங்கும்படியும் செய்தார்கள். வடிகாலில் விழ இனி ஒன்றுமில்லை.

ஆனால் அதே பாத்திரத்தை 2011இல் எம்பி-10 (மாஸ்டர்பீஸ் வரிசையின் பத்தாம் எண்) என்று மறுபடியும் செய்தபோது உருவத்தைச் சிறிதாக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மற்றக் கார் ரோபோக்களோடு பக்கத்தில் நிறுத்தினால் உயரம் பொருந்த வேண்டும் என்று எண்ணினார்கள். 1984இல் கேசட் கருவியையும் விமானத்தையும் கலந்த பாவத்துக்கு இருபத்தேழு ஆண்டு கழித்துப் பரிகாரம். இரண்டையும் கையாண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலாவது மேசை மேல் வைத்துப் பார்க்க, இரண்டாவது கையில் எடுத்து விளையாட. 2019இல் வந்த எம்பி-44 கார்ட்டூனுக்கு இன்னும் நெருங்கியது. அதைப் பற்றிப் பின்னர்.

நடுவில் 2007இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படம் வந்தது. திரையில் தோன்றிய ஆப்டிமஸ் பிரைம் கணினியில் 10,000க்கும் மேற்பட்ட துண்டுகளால் ஆனவர். அவர் மாறும்போது துண்டுகள் எங்கிருந்தோ வந்து எங்கோ மறையும். பொம்மைக்கு அந்தச் சலுகை இல்லை. கையில் இருக்கும் பொருள் அளவு மாறாது, எந்தத் துண்டும் காற்றில் கரையாது. ஒரு பாகத்தை அசைத்தால் உள்ளிருக்கும் பல்சக்கரமோ வில்லோ மற்றொன்றைத் தானாக அசைக்கும் உத்தியை அவ்வரிசையில் புகுத்தினார்கள். 2009இல் இரண்டாம் படத்துக்கு வந்த பெரிய ஆப்டிமஸ் பிரைம், பொம்மைக் கடை அலமாரியில் அதுவரை காணாத அளவு சிக்கலானது. செந்தோசா கேளிக்கைப் பூங்காவில் 2011 டிசம்பரில் இந்த ரோபோக்களின் சவாரி திறந்த மாதம், அங்கே வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் நான் அதை லாரியாக்கத் தொடங்கினேன். சவாரிக்குள் நுழையும்போது ஒரு கால் மட்டும் மிச்சம் இருந்தது.

உங்களைப் போன்ற பெற்றோரின் முணுமுணுப்பு எல்லா ஊரிலும் கேட்டிருக்க வேண்டும். 2014இல் ஒரே அசைவில் மாறும் பொம்மைகளைத் தனி வரிசையாகவே கொண்டுவந்தார்கள். அதை நான் அப்போது கேலி செய்தேன்.

2 மார்ச் 2025

கேலி செய்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பாதியளவுக்கு.

நேற்று ஈசூனில் உள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகனுக்கு ஏழு வயது. குறிப்புத் தாளை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 2019க்குப் பிறகு வந்த நடுத்தர அளவுப் பொம்மை ஒன்றை அவன் கையில் கொடுத்து, கோப்பிக்கடை மேசையில் எதிரே உட்கார்ந்து பேசாமல் பார்த்தேன். அவன் எதையும் இழுக்கவில்லை. முதலில் விரல் நுனியால் பொம்மையைச் சுற்றித் தடவினான். அசைந்த இடத்தில் நிறுத்தினான். கார்க் கதவை விரித்தான். அதற்குள்ளிருந்த கை தெரிந்தது. கையை வெளியே எடுக்கப் பார்த்தான், வரவில்லை. ஏனெனில் கூரை இன்னும் மேலே இருந்தது. கூரையைத் தூக்கினான், கை தானாகவே விடுபட்டது. மாமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். பத்து நிமிடத்துக்குள் ரோபோ நின்றது. ஒரே இடத்தில்தான் தடுமாறினான்: இரு பாதங்களும் ஒரே கருப்பு நிறம், குதிகால் எது விரல் எது என்று விளங்கவில்லை.

அதன் பிறகு அதே அளவுள்ள 2010 வாக்கில் வந்த பழைய பொம்மை ஒன்றைக் கொடுத்தேன். மூட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். கால் மணி நேரத்தில் அவன் அதை என்னிடமே நீட்டிவிட்டு மைலோ கேட்டான்.

முன்னேற்றம் மூட்டில்தான் என்று ஜனவரியில் எழுதினேன். இப்போது அதை மாற்றிக்கொள்கிறேன். மூட்டு அவசியம், ஆனால் போதாது. தவறான வழியை அடைத்து வைப்பதுதான் வித்தை. கூரையைத் தூக்கும்வரை கை எழாது. கை எழும்வரை இடுப்பு திரும்பாது. சரியாகப் பொருந்திய இடத்தில் கொக்கி 'டக்' என்று ஒலி எழுப்பும். அந்த ஒலியே குறிப்புத் தாள். இதைச் செய்ய எத்தனை படிகள் என்பது இரண்டாம் கேள்வி. எட்டுப் படிகளிலும் குழப்பலாம், முப்பது படிகளிலும் வழி காட்டலாம்.

எம்பி-44ஐப் பற்றிப் பின்னர் சொல்வேன் என்றேன் அல்லவா? ரோபோவாக நின்றால் குறையே சொல்ல முடியாது. லாரியாக்கும்போது மெல்லிய தகடு ஒன்றை இன்னொரு தகட்டின் அடியில் செருக வேண்டிய இடங்கள் பல. எந்த ஒலியும் வராது, சரியா தவறா என்று விரலுக்குத் தெரியாது. இரண்டு முறை மாற்றினேன். மூன்றாம் முறை ரோபோவாகவே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதில் உங்கள் கட்சிக்கு ஒரு வாக்கு.

8 மார்ச் 2025

பல ரோபோக்கள் சேர்ந்து ஒன்றாவதைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். சுருக்கமாக: தொடக்கக் காலத்து டெவஸ்டேட்டரில் ஆறு கட்டுமான வண்டிகளுக்கும் அவரவர் இடம் நிரந்தரம், ஒன்று தொலைந்தால் ராட்சதன் ஊனம். பின்னர் வந்த ஐவர் அணிகளில் பொதுவான இணைப்பு ஒன்றைக் கொடுத்து, உடலாகும் தலைவர் தவிர எவரும் கையாகலாம், எவரும் காலாகலாம் என்று ஆக்கினார்கள். 2015இல் அந்த யோசனையை நல்ல மூட்டுகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது ஆயுதங்களின் பிடியும் உடலிலுள்ள துளையும் ஐந்து மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் ஒத்துப்போவதால், எவர் துப்பாக்கியும் எவர் கைக்கும் பொருந்தும். தோழர்களோடு பகிர்ந்து விளையாடும் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து மில்லிமீட்டர் பெரிய வரம்.

முன்பு கைத்துப்பாக்கியாக மாறிய வில்லன் மெகாட்ரான் ஏன் இப்போது டாங்கியாக மாறுகிறார் என்ற கேள்விக்கு: நிஜத் துப்பாக்கியைப் போன்ற பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நடந்து பாருங்கள், பதில் சீருடையில் வரும்.

15 மார்ச் 2025

தானாகவே மாறும் ரோபோ வந்த பிறகு இந்த விவாதமே எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரோபோசென் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆப்டிமஸ் பிரைமைச் சொல்கிறார்: 27 மோட்டார்கள், குரலால் சொன்னால் லாரியாகும். நண்பர் வீட்டில் பார்த்தேன், வாய் பிளந்தேன். ஆனால் என் கைக்கு அங்கே வேலை இல்லை. கல்யாண வீட்டில் அடுத்தவர் வடை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல.

தானாக மாறுவதில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. 2024 ஜனவரி 20 அன்று ஜப்பானின் ஸ்லிம் விண்கலம் நிலவில் இறங்கியபோது, அதிலிருந்து சோரா-கியூ என்ற ஓர் உருண்டை வெளியே வந்தது. எட்டு சென்டிமீட்டர் விட்டம், சுமார் 250 கிராம் எடை. தக்காராவும் டோமியும் 2006இல் இணைந்து உருவான தக்காரா டோமி, ஜப்பானிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடும் சோனியோடும் தோஷிஷா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து செய்தது அது. நிலவின் மண்ணில் விழுந்ததும் உருண்டை இரண்டாகப் பிளந்தது. இரு பாதிகளும் சக்கரங்களாயின. நடுவிலிருந்து கேமரா எழுந்தது. தலைகுப்புற நின்ற தாய்க்கலத்தை அதுதான் படமெடுத்து அனுப்பியது.

நான் இதை விளையாட்டுச் செய்தியாகச் சொல்லவில்லை. எடுத்துச் செல்லும்போது இடம் அடைக்கக் கூடாது, இறங்கியபின் ஓட வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே ஓடு கொண்டு தீர்த்திருக்கிறார்கள். உருண்டையின் ஓடே சக்கரம்; மிச்சம் தொங்குவது எதுவுமில்லை. கருவேப்பிலையே இல்லாத சமையல். வால்கிரியின் எஞ்சினே காலானதைச் சொன்னேன் அல்லவா, அதே கணக்கு.

23 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார்: மகன் இப்போது அந்தப் பொம்மையை ஆறு நிமிடத்தில் மாற்றுகிறானாம், தாள் இல்லாமல், ஆனாலும் தம் கட்சியை விடமாட்டாராம். விட வேண்டாம். 2024இல் தக்காரா டோமி மிஸ்ஸிங் லிங்க் என்ற வரிசையைத் தொடங்கி, 1984இன் அதே உருவம், அதே பெட்டி அழகு, உள்ளே மட்டும் மடங்கும் முழங்காலும் முழங்கையும் என்று ஆப்டிமஸ் பிரைமை மறுபடி செய்திருக்கிறது. கடையில் எடுத்துப் பார்த்தேன். லாரியாக நிறுத்தினால் என் டின்னில் இருப்பதற்கும் அதற்கும் வேற்றுமை காண நேரமாகும். ரோபோவாக்கினால் முழங்கால் ஊன்றி உட்காருகிறது. வாங்கவில்லை, விலையைக் கேட்டதும் அப்பாவின் ஓவர்டைம் நினைவுக்கு வந்தது.

மகனுடைய பொம்மையின் இடது தோள் தளர்ந்து தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பசை எதுவும் போடாதீர்கள். பந்து மூட்டா, பற்கள் உள்ள மூட்டா என்று முதலில் பாருங்கள். மெல்லத் திருப்பும்போது 'கடகட' என்று ஒலித்தால் பற்கள் உள்ளது, உள்ளே திருகாணி தளர்ந்திருக்கும், சிறிய திருப்புளியால் கால் சுற்று இறுக்கினால் போதும். ஒலி இல்லாமல் வழுக்கினால் பந்து மூட்டு. நகப்பூச்சு விவரம் பிப்ரவரி 9 குறிப்பில் இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பொம்மையை எடுத்துக்கொண்டு வாருங்கள், பையனையும் அழைத்து வாருங்கள். உடைந்து விழுந்த துண்டு ஏதேனும் இருந்தால், எவ்வளவு சிறியதானாலும், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.